‘பொம்மை வீடு’: நோராவை வீட்டிலேயே இருக்க வைத்தவர் இப்சன்தானா?

கேள்வி: மூன்றாம் வரிசை

வணக்கம். எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நாடகத்தைப் பாத்திரம் பிரித்துக்கொண்டு உரக்க வாசிப்பது வழக்கம். சென்ற மாதம் நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தை எடுத்துக்கொண்டோம். நோரா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேறும் கடைசிக் காட்சியை வாசித்து முடித்ததும், எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “இது ஒரு முடிவுதான். குழந்தைகளுக்காக அவள் தங்கிவிடுகிற இன்னொரு முடிவையும் இப்சனே எழுதியிருக்கிறார். எதை நடித்தாலும் அது இப்சன்தான்” என்றார். அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சற்று வேகமாகவே சொல்லிவிட்டேன், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை, தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

இப்போது இதையே அடுத்த ஆண்டு மேடையேற்றினால் என்ன என்ற பேச்சு எழுந்திருப்பதால், இது வெறும் வாய்ச்சண்டையாக நிற்கவில்லை. இந்த நாடகம் நார்வேயை விட்டு வெளியே போனபோது அதற்கு என்ன நேர்ந்தது, முடிவை மாற்றியவர்கள் யார், எதற்காக மாற்றினார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பழைய பிரதி

முதலில் அந்த ஆசிரியரிடம் பாதி மன்னிப்பாவது கேட்டுவிடுங்கள். அப்படி ஒரு முடிவை இப்சன் தம் கையாலேயே எழுதியது உண்மை. ஆனால் அது எழுதப்பட்ட சூழ்நிலையைப் பார்த்தவர்கள், எதை நடித்தாலும் இப்சன்தான் என்று சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் ‘நார்வேயை விட்டு வெளியே’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நாடகம் பிறந்ததே வெளியேதான். இப்சன் இதன் பெரும்பகுதியை 1879 கோடையில் இத்தாலியின் அமால்ஃபியில் இருந்துகொண்டு எழுதினார். நூல் அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று கோபன்ஹேகனில் 8,000 படிகள் அச்சாகி, ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. டிசம்பர் 21 அன்று அதே நகரின் ராயல் தியேட்டரில் பெட்டி ஹென்னிங்ஸ் நோராவாக முதன்முதலில் மேடையேறினார். நார்வேயின் தலைநகரான கிறிஸ்தியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ, இந்த நாடகத்தைப் பார்த்தது 1880 ஜனவரி 20 அன்றுதான்; அதற்குள் ஸ்டாக்ஹோம் பார்த்து முடித்துவிட்டது. இந்த மூன்று நகரங்களிலும் நோரா வெளியேறத்தான் செய்தாள். ஊரெல்லாம் அதைப் பற்றி வாதிட்டார்கள், ஆனால் யாரும் முடிவில் கைவைக்கவில்லை.

சிக்கல் ஜெர்மனியில் தொடங்கியது. வட ஜெர்மானிய நகரங்களில் இதை நடிக்க முன்வந்த புகழ்பெற்ற நடிகை ஹெட்விக் நீமான்-ராபே, தாமாக இருந்தால் தம் குழந்தைகளை ஒருபோதும் விட்டுப் போகமாட்டார் என்றும், எனவே அந்தக் காட்சியை நடிக்க முடியாது என்றும் மறுத்துவிட்டார். அது நடிகையின் மனத்தடை. இப்சனின் கையைக் கட்டியது சட்டம். ஸ்காண்டிநேவிய நூல்களுக்கு ஜெர்மனியில் பாதுகாப்பளிக்கும் இலக்கிய உரிமை உடன்பாடு எதுவும் அப்போது இல்லாததால், அங்கே எவரும் அவருடைய நாடகத்தை மொழிபெயர்க்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், அவரைக் கேட்க வேண்டியதில்லை. நாடுகளுக்கிடையிலான பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையே 1886இல்தான் வந்தது. நார்வே அதில் சேர்ந்ததோ 1896இல். ஆகவே, முகம் தெரியாத யாரோ ஒருவர் முடிவை மாற்றி எழுதுவதற்குள் தாமே எழுதிக் கொடுத்துவிடுவது மேல் என்று அவர் முடிவுசெய்தார்.

அவர் எழுதிய மாற்று முடிவு சில வரிகள்தான். போகப் புறப்பட்ட நோராவைக் கணவன் ஹெல்மர் குழந்தைகள் உறங்கும் அறையின் வாசலுக்கு இழுத்துச் செல்கிறான். நாளைக் காலையில் விழித்ததும் அவர்கள் அம்மாவைத் தேடுவார்கள், அவர்களுக்கு அம்மா இருக்கமாட்டாள் என்கிறான். இது எனக்கு நானே இழைத்துக்கொள்ளும் பாவம், ஆனாலும் அவர்களை விட்டுப் போக முடியவில்லை என்று சொல்லியபடி நோரா அந்த வாசலிலேயே சரிகிறாள், திரை விழுகிறது. இது 1880 பிப்ரவரி 6 அன்று ஃபிளென்ஸ்பர்க் நகரில் மேடையேறியது. பதினொரு நாள் கழித்து டென்மார்க் நாளேடு ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், இந்த மாற்றத்தைத் தம் நாடகத்தின் மீது நிகழ்த்தப்பட்ட காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்றே இப்சன் குறிப்பிட்டு, அதைப் பயன்படுத்துவோர் தம் விருப்பத்துக்கு மாறாகவே பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லிவிட்டார். மார்ச் 3 அன்று மியூனிக் நகரில் மூல முடிவுடனேயே நாடகம் நடந்தது. நீமான்-ராபேயும் பின்னர் மூல முடிவுக்கே திரும்பினார்.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கணக்கில் இப்சன் தவறிவிட்டார். வேறு யாரோ மாற்றியிருந்தால் அது கள்ளப் பிரதி என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம். அவரே எழுதியதால் அதற்கு ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரையைக் காட்டித்தான் உங்கள் ஆசிரியர் இன்றைக்கும் வாதிடுகிறார்.

மறுமொழி: மொழிபெயர்ப்பு மேசை

பழைய பிரதி சொன்னதோடு இங்கிலாந்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேடு அங்கேதான் கூடுதல் என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றினார்கள். லண்டனில் 1884 மார்ச் 3 அன்று, மியூனிக்கில் மூல வடிவம் நடந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, ஹென்றி ஆர்தர் ஜோன்ஸும் ஹென்றி ஹெர்மனும் எழுதி மேடையேற்றிய தழுவலில் நாடகத்தின் அச்சாணியையே கழற்றிவிட்டார்கள். அதன் தலைப்பே ஒரு வண்ணத்துப்பூச்சியை நசுக்குவதைப் பற்றியது. நோரா அதில் ஃப்ளோரா ஆகிவிட்டாள், அவள் செய்த குற்றத்தைக் கணவன் பெருந்தன்மையோடு தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான், கடைசியில் கடன்பத்திரம் கைக்கு வந்துவிடுகிறது, எல்லோரும் நலம்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்பதைப் பார்க்க மூல நாடகத்தின் முடிச்சுக்குப் போக வேண்டும். கணவனின் உயிரைக் காப்பாற்ற நோரா கிரோக்ஸ்டாட் என்பவனிடம் கடன் வாங்குகிறாள். மனைவி கணவன் சம்மதமின்றிக் கடன் வாங்க முடியாத காலம் அது. பிணைக்குத் தன் தந்தையின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29; கையெழுத்தின் கீழே உள்ள தேதி அக்டோபர் 2. இறந்தவர் மூன்று நாள் கழித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்! இது வெளியே வரும்போது கணவன் பழியைத் தான் ஏற்றுக்கொள்வான் என்று அவள் நம்புகிறாள். அதைத்தான் ‘அற்புதம்’ என்ற சொல்லால் குறிப்பிடுகிறாள்; அதை எதிர்பார்க்கிறாள், அதற்காக அஞ்சவும் செய்கிறாள். அந்த அற்புதம் நடக்கவில்லை. ஹெல்மர் தன் மானத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறான், பத்திரம் திரும்பி வந்ததும் ‘நான் தப்பித்தேன்’ என்றுதான் கத்துகிறான். நோரா வெளியேறுவது அந்த ஒரு கணத்தினால். லண்டன் தழுவலோ அற்புதத்தை நடத்திக் காட்டிவிட்டது. அற்புதம் நடந்துவிட்டால் இந்த நாடகத்துக்கு வேலையே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். போலந்து நடிகை ஹெலனா மோட்ஜெஸ்கா 1883 டிசம்பரில் லூயிவில் நகரில் ‘தோரா’ என்ற பெயரில் சமாதான முடிவோடு இதை நடித்தார். ஒரே ஒரு காட்சியோடு நின்றுபோயிற்று.

மூல வடிவம் இங்கிலாந்துக்கு முதலில் வந்தது அரங்கின் வழியாக அன்று, ஒரு வீட்டின் கூடத்தின் வழியாக. 1886 ஜனவரியில் லண்டன் புளூம்ஸ்பரி பகுதியில் ஒரு குடியிருப்பில் சிலர் கூடி, உங்களைப் போலவே பாத்திரம் பிரித்துக்கொண்டு வாசித்தார்கள். நோராவாக வாசித்தவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். மிரட்டல்காரன் கிரோக்ஸ்டாடாக வாசித்தவர் பெர்னார்ட் ஷா. பிறகு 1889 ஜூன் 7 அன்று நாவல்ட்டி தியேட்டரில், வில்லியம் ஆர்ச்சரின் மொழிபெயர்ப்பில், ஜேனட் ஆச்சர்ச் நோராவாக நடித்தார். அவரும் கணவர் சார்லஸ் சாரிங்டனும் அந்தச் செலவைச் சமாளித்தது, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு பெற்ற முன்பணத்தைக் கொண்டு. ஒரு வாரத்துக்கென்று திட்டமிட்டது மூன்று வாரங்களுக்கு நீண்டது. கப்பலேற வேண்டிய கட்டாயத்தால் லண்டனில் நிறுத்திவிட்டுப் போய், செப்டம்பரில் மெல்போர்னில் அதே நாடகத்தை நடித்தார்கள். ஆக, ஆஸ்திரேலியாவுக்கு நோரா போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கடன்தான் காரணம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த பொருத்தம்.

நீங்கள் தமிழில் நடிக்கப் போகிறீர்கள் என்பதால் ஒரு நுணுக்கம். ஹெல்மர் கிரோக்ஸ்டாடை வங்கி வேலையிலிருந்து நீக்க விரும்புவதற்கு இரண்டாம் அங்கத்தில் ஒரு காரணம் சொல்கிறான்: இளமையில் பழகியவன் என்ற உரிமையில், பிறர் முன்னிலையிலும் தன்னை ‘நீ’ என்று அழைக்கிறான் என்பது. அக்கால நார்வே மொழியில் நமக்கு இருப்பதைப் போலவே நெருக்கத்துக்கு ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல் வழங்கியது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் இந்த இடத்தில் தடுமாறி, பெயர் சொல்லி அழைப்பதாக மாற்றிவிடும். தமிழில் ‘நீ, நீ’ என்று வைத்தாலே அரங்கத்துக்குப் புரிந்துவிடும்; ஒரு மேலாளருக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று எவருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் இதே வசதி வேறோர் இடத்தில் வினையாகும். மூலத்தில் நோராவும் ஹெல்மரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே அழைக்கிறார்கள். தமிழ் நோரா கணவனை எப்படி அழைப்பாள் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நானாக இருந்தால் முதலிரண்டு அங்கங்களில் ‘நீங்கள்’ என்று வைத்து, மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து பேசும் அந்த இறுதி உரையாடலிலும் மாற்றாமல் ‘நீங்கள்’ என்றே விட்டுவிடுவேன். ‘நீ’ என்று மாறினால் அது கோபமாகிவிடும். அங்கே அவளிடம் இருப்பது கோபமன்று.

மூன்றாம் வரிசை:

மன்னிப்பைக் கேட்டுவிட்டேன், பாதி அல்ல, முக்கால் பங்கு. அவர் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார், கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் சிறிது அமைதியானார். இன்னும் ஒரு கேள்வி. கிழக்கு நாடுகளில் கூட்டுக் குடும்பமும் பெரியோர் பார்த்து வைக்கும் திருமணமும் வழக்கமாக இருந்தபோது, அங்கேயும் முடிவை மாற்றித்தானே நடித்திருப்பார்கள்?

மறுமொழி: கீழ்த்திசை ஏடு

நடந்தது நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. ஜப்பானிலும் சீனாவிலும் நோரா வெளியேறுவதற்காகவே அவளை அழைத்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் ஷிமாமுரா ஹோகெட்சுவின் மொழிபெயர்ப்பில் 1911 செப்டம்பரில், முதலில் தோக்கியோவின் வாசேதாவில் ஒரு சிறு மேடையிலும், நவம்பரில் இம்பீரியல் தியேட்டரிலும் இது நடிக்கப்பட்டது. அங்கே அதிர்ச்சி முடிவில் மட்டும் இருக்கவில்லை. நோராவாக ஒரு பெண் நடித்ததிலேயே இருந்தது. ஜப்பானின் மரபு நாடகமான கபுகியின் மேடையிலிருந்து பெண்கள் 1629இல் விலக்கப்பட்ட பின் பெண் வேடங்களை ஆண்களே ஏற்று, அதை ஒரு பெருங்கலையாகவும் வளர்த்துவிட்டிருந்தார்கள். அந்தச் சூழலில் நாடகப் பள்ளியில் பயின்ற மாட்சுய் சுமாகோ நோராவாக நின்றபோது, பாத்திரமும் நடிகையும் ஒரே வாசலைத் தாண்டுவதாகப் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே செப்டம்பரில்தான் பெண்களே நடத்திய ‘செய்தோ’ இதழ் தொடங்கியது. 1912 ஜனவரியில் அவ்விதழ் நோராவுக்கென்று தனிப் பகுதி வெளியிட்டது. அதில் இதழைத் தொடங்கிய ஹிரட்சுகா ராய்ச்சோ நோராவைப் புகழ்ந்து தள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளுடைய விழிப்பு இன்னும் முதிராதது என்று குறைதான் கூறினார்.

சீனாவில் ‘புதிய இளைஞர்’ இதழ் 1918 ஜூனில் இப்சன் சிறப்பிதழ் கொண்டுவந்தது. ஹூ ஷியும் லுவோ ஜியாலுனும் மொழிபெயர்த்த இந்த நாடகம் அதில் வெளிவந்ததும், வீட்டார் நிச்சயித்த திருமணத்தை மறுக்க நினைத்த இளைஞர்களுக்கு நோரா ஒரு கொடியாகிவிட்டாள். கவனியுங்கள்: மூலத்தில் அவள் விட்டுப் போவது கணவனின் வீட்டை, சீனத்தில் அவளைப் பின்பற்றியவர்கள் விட்டுப் போனதோ பெரும்பாலும் தந்தையின் வீட்டை. இளம் ஆண்களும்கூடத் தங்களை நோராவாக எண்ணிக்கொண்டார்கள். முடிவை மாற்றாமலேயே வாசலை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

இந்த ஆரவாரத்தில் தண்ணீர் தெளித்தவர் சீன எழுத்தாளர் லூ சுன். 1923 டிசம்பர் 26 அன்று பெய்ஜிங் பெண்கள் உயர்நிலை ஆசிரியர் கல்லூரியில் ஆற்றிய உரையில், நோரா வெளியேறிய பிறகு என்ன நடக்கும் என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். விழித்துக்கொண்ட மனத்தைத் தவிர அவள் கையில் என்ன கொண்டு போனாள் என்று கேட்டார். பையில் காசில்லை என்றால் கெட்டழிவது அல்லது வீடு திரும்புவது என்ற இரண்டு வழிகள்தான் அவளுக்கு உண்டு என்றார். என் பார்வையில், இந்த நாடகத்தைப் பற்றி எந்த நாட்டில் எழுதப்பட்ட விமரிசனத்தையும்விட இதுவே கூர்மையானது, ஏனென்றால் ஹெல்மரின் மனசாட்சியை விட்டுவிட்டு நோராவின் பணப்பையைத் திறந்து பார்க்கிறது.

1935ஆம் ஆண்டைச் சீன நாடக வரலாற்றில் ‘நோரா ஆண்டு’ என்றே சொல்வதுண்டு. அந்த ஆண்டு பல நகரங்களில் இது மேடையேறியது. ஷாங்காயில் லான் பிங் என்ற பெயரில் நோராவாக நடித்தவர், பின்னாளில் மாவோவின் மனைவியான ஜியாங் சிங். நான்ஜிங்கில் நோராவாக நடித்த ஒரு பள்ளி ஆசிரியை, நடித்த காரணத்துக்காகவே வேலையை இழந்தார்; செய்தித்தாள்களில் அது பெரும் விவாதமானது. லூ சுன் எழுப்பிய கேள்வியை அந்த ஆசிரியை மேடைக்கு வெளியே எதிர்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுமொழி: ஒளிக்குழு

பின்மேடையில் வேலை செய்பவன் என்ற முறையில், இன்றைய ஐரோப்பிய, அமெரிக்க மேடையேற்றங்களையும் சேர்க்கிறேன். இப்போது அங்கே நோரா வெளியேறுவதில் அதிர்ச்சி எதுவும் மிச்சமில்லை, மணவிலக்கு அன்றாடம். ஆகவே இயக்குநர்கள் அந்த அதிர்ச்சியை வேறு வழியில் உண்டாக்கப் பார்க்கிறார்கள். பெர்லினில் 2002இல் தாமஸ் ஓஸ்டர்மெயர் இயக்கியபோது நோரா கதவைச் சாத்தவில்லை, துப்பாக்கியை எடுத்துக் கணவனைச் சுட்டாள். அவன் மேடையின் நடுவிலிருந்த பெரிய மீன்தொட்டியில் விழுந்தான். நியூயார்க்கில் 2003இல் லீ பிரூயர், ஆண் பாத்திரங்கள் அனைத்துக்கும் மிகக் குறைந்த உயரமுடைய நடிகர்களையும் பெண் பாத்திரங்களுக்கு நெடிய நடிகைகளையும் தேர்ந்து, மேசை நாற்காலிகளை ஆண்களின் அளவுக்கே செய்துவைத்தார். வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதற்கு அதற்கு மேல் ஒரு வசனம் தேவைப்படவில்லை. 2019இல் லண்டனில் தனிகா குப்தாவின் தழுவல் கதையை 1879ஆம் ஆண்டின் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், நோராவை நீரு என்ற வங்கப் பெண்ணாகவும் அவள் கணவனை ஓர் ஆங்கில அதிகாரியாகவும் ஆக்கியது. நீருவாக நடித்தவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அஞ்சனா வாசன். 2023இல் பிராட்வேயில் ஜேமி லாய்டு, வெறும் நாற்காலிகள் மட்டுமே இருந்த மேடையில் நாடகத்தை நடத்தி, கடைசியில் பின்சுவரில் இருந்த பெரிய கதவைத் திறக்கச் செய்தார். ஜெசிகா சாஸ்டெய்ன் அதன் வழியே உண்மையான நியூயார்க் தெருவுக்கு நடந்து போனார்.

மறுமொழி: பழைய பிரதி

ஒளிக்குழு வரிசைப்படுத்தியதில் பெர்லினை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஃபிளென்ஸ்பர்க் மேடையில் அவளைப் போகவிடாமல் செய்தார்கள். பெர்லினில் அவளைப் பேசி முடிக்கவிடாமல் செய்தார்கள். இரண்டிலும், எழுந்து போகக்கூடிய ஒரு மனுஷியை இயக்குநர் நம்பவில்லை. நியூயார்க் தெரு அப்படி அல்ல. அது இப்சன் எழுதியதைத்தான் செய்கிறது.

மூன்றாம் வரிசை:

அனைவருக்கும் நன்றி. மூல முடிவையே நடிப்பது என்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஆசிரியரே ஹெல்மராக நடிக்க முன்வந்திருக்கிறார். எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு பள்ளியின் கூடம். மேடையில் கதவு வைக்க வழியில்லை. நோரா போன பின் கடைசியில் கேட்கும் அந்தக் கதவுச் சத்தத்தை மட்டும் எப்படிக் கொண்டுவருவது?

மறுமொழி: ஒளிக்குழு

மேடையில் கதவு இல்லாதது குறையே அல்ல. மூலத்தில் உள்ள மேடைக் குறிப்பை நன்றாகப் படித்தால், கடைசியில் கேட்பது அந்த வீட்டின் கதவு அன்று. ஹெல்மர் குடும்பம் ஒரு கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறது. குறிப்பு, ‘கீழிருந்து’ ஒரு பெருங்கதவு அடைபடும் ஓசை என்கிறது. அது தெருவைப் பார்த்த வாசற்கதவு. நோரா முன்கூடத்தைக் கடந்து போனதற்கும் அந்த ஓசைக்கும் இடையே அவள் படியிறங்கும் நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஹெல்மர் நாற்காலியில் சரிகிறான், முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்கிறான், எழுந்து சுற்றிப் பார்க்கிறான், யாரும் இல்லை என்று உணர்கிறான், பிறகு எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை வந்து அந்த ‘அற்புதம்’ என்ற சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறான். பல குழுக்கள் நோரா போனவுடனேயே சத்தத்தைப் போட்டு இதைக் கெடுத்துவிடுகின்றன.

உங்கள் பள்ளியில் மாடிப்படி இருந்தால், ஒலிப்பதிவு எதுவும் வேண்டாம். நோராவாக நடிப்பவர் உண்மையாகவே கூடத்தை விட்டு வெளியேறி, படியிறங்கிப் போய், கீழே உள்ள கதவைத் தம் கையாலேயே அடைக்கட்டும். எத்தனை படிகள் என்று முன்னதாக எண்ணி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தம் வசனத்தை அதற்குள் முடித்தாக வேண்டும். கூடம் தரைத்தளத்தில்தான் என்றால், அடுத்த கட்டடத்தின் கதவாக இருந்தாலும் பரவாயில்லை, தொலைவிலிருந்து வரட்டும். கதவு மரத்தால் ஆனதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சுருள்கதவு என்றால் கடை அடைத்தது போலக் கேட்கும்.